ஒரே கட்டிலுக்கு இரண்டு வளையம்

என் தங்கை நசரேனா, முடியாது என்று மற்றவர்கள் சொல்லியும் அவள் முடித்துக் காட்டியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஏழாம் மாதத்தில் பிறந்தாள், எடை ஒரு கிலோ அறுநூறு கிராம். பாதிரியாரைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று பிரசவம் பார்த்தவள் சொன்னாள். அப்பா கூப்பிடவில்லை. பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுவிட்டு பிளம் பழம் காயவைக்கும் களத்துக்கு வேலைக்குப் போனாள்; இருபத்தாறாம் வயதில் மாலைப் பள்ளியில் சேர்ந்து இருபத்தொன்பதில் மேல்நிலைப் படிப்பை முடித்தாள். கால்பந்துக் கழகத்தின் உடைமாற்றும் அறையில் மூன்று ஆட்கள் மூன்று வருடமாகத் தேடியும் அகப்படாத கசிவை ஒரே காலையில் கண்டுபிடித்தாள். (அரை நாள் ஆனது என்று சிலர் சொல்கிறார்கள். எட்டரைக்கு உள்ளே போனாள், பதினொன்றே முக்காலுக்கு வெளியே வந்தாள்.) "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டபடியே சாமான் எடுத்துக் கொடுக்கும் குழாய்க் கடைக்காரர், இப்போது அவளைக் கண்டதும் உட்கார ஸ்டூல் எடுத்துப் போடுகிறார். இதற்கு ஒன்பது வருடம் ஆனது.

கடைசியாக, ஒரு வரைபடத்தின் அடியில் தன் சொந்தப் பெயர். அது எப்படி அமைந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் அன்செல்மோ லூசெரோ, கொத்தனார். ஆறாம் வகுப்போடு சரி. அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். சான் ரஃபாயேல் ஊரில் கோடையில் வீட்டுச் சுவரைத் தொட்டால் கை பொசுங்கும். எங்களுக்குக் குளிர்காலமான ஜூலையில் காலையில் வாய்க்கால் தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி படிந்திருக்கும். அதனால் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் புது வீடு கட்டினால் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடவிடுவார்கள். எந்த அறைக்கு எவ்வளவு சூடு, எந்த நேரத்தில், கோடையில் குளிர்காற்று எங்கிருந்து எங்கே வீச வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே திட்டம் போட்டு வரைவதுதான் நசரேனாவின் வேலை.

2005இல் அவள், வீடுகளுக்குச் சூடும் குளிர்ச்சியும் அமைத்துக் கொடுக்கும் ஸ்தோக்கோ என்பவரின் கடையில் சேர்ந்தாள். தரை துடைக்கவும் தொலைபேசி எடுக்கவும்தான் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் அவர் வரைய வேண்டியதை அவள் வரைந்தாள். நான்கு வருடத்தில் அவர் கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஆனால் தண்ணீரைச் சூடாக்கும் கொதிகலனுக்கு எரிவாயு இணைப்பு கிடைக்க வேண்டுமென்றால் வரைபடத்தில் உரிமம் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த உரிமம் ஸ்தோக்கோவிடம் இருந்தது, நசரேனாவிடம் இல்லை. அவள் வரைந்த நூற்றுப் பதினாறு வீடுகளில் (பட்டியல் என்னிடம் இருக்கிறது) ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது.

2014இல் உரிமத் தேர்வுக்குப் போனாள். வரைதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்விக்கே வாய் அடைத்துப்போய், நான்கு நிமிடம் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டாள். அதற்கப்புறம் தேர்வுப் பேச்சை எடுத்தாலே, "ஸ்தோக்கோ கையெழுத்து இருக்குல்ல, போதும்" என்பாள். போதாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2015இல் தோன் எவாரிஸ்தோவும் அவர் மனைவி தோன்யா தெல்மாவும் வீடு கட்டினார்கள். (தோன், தோன்யா என்பது பெரியவர்களுக்கு எங்கள் ஊர் மரியாதைச் சொல்.) நாற்பது வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டுக் கட்டிய சொந்த வீடு. சுவரும் கூரையும் என் குழுவின் வேலை. சூடு, குளிர்ச்சி எல்லாம் ஸ்தோக்கோ கடை, அதாவது நசரேனா. தோன் எவாரிஸ்தோ மலையைத் தாண்டி சிலி நாட்டுக்கு லாரி ஓட்டியவர். 1984இல் கணவாயில் பனிப்புயலில் மூன்று நாள் மாட்டி, இடது காலில் இரண்டு விரலை இழந்தவர். அன்றிலிருந்து அவருக்குக் கால் சில்லிட்டே இருக்கும். தோன்யா தெல்மா முப்பத்தெட்டு வருடம் ரொட்டி அடுப்பு முன்னால் நின்றவர். அவருக்கு எப்போதும் புழுக்கம். ஜூலையிலும் கையில் விசிறி இருக்கும்.

நகரத்திலிருந்து வந்த இளம் பொறியாளர் போட்ட திட்டத்தில் கணவருக்கு ஓர் அறை, மனைவிக்கு ஓர் அறை, சூட்டைக் கூட்டிக் குறைக்கத் தனித்தனி தெர்மோஸ்டாட். புத்தகத்தில் உள்ளபடி வீட்டைப் பகல் பகுதி, இரவுப் பகுதி என்று பிரித்திருந்தார். நசரேனா அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். அடுத்த சனிக்கிழமை இருவரையும் கட்டி முடியாத வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"வரும்போது ஆளுக்கொரு நாற்காலி எடுத்துட்டு வாங்க. நீங்க தினமும் உக்கார்றது."

"நான் எங்கம்மா உக்கார்றேன்?" என்றார் தோன்யா தெல்மா. "கல்யாணம் ஆன நாள்லேருந்து நின்னுக்கிட்டேதான் இருக்கேன்."

"பொய்," என்றார் தோன் எவாரிஸ்தோ. "ரேடியோ நாடகம் ஆரம்பிச்சா எழுந்திரிக்கவே மாட்டா."

இதுதான் நசரேனாவின் வழக்கம். வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கதவில்லாத, வெறும் மண் தரையுள்ள வீட்டில் ஆட்களை நடமாட விடுவாள். ஒரு நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்தில் எங்கே இருப்பீர்களோ அங்கே நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடச் சொல்வாள். நாற்காலிக் கால் இருக்கும் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவாள். வாயால் கேட்டால் எல்லாரும் வரவேற்பறையில் இருப்போம் என்பார்கள். நாற்காலியைத் தூக்கச் சொன்னால் நேரே சமையலறைக்குத்தான் போவார்கள் என்று அவள் சொல்வாள்.

"ஜூலை மாசம். பகல் மூணு மணி."

இருவரும் ஆளுக்கொரு படுக்கையறைக்குப் போய் நாற்காலியைப் போட்டார்கள். நசரேனா என்னைப் பார்த்தாள்.

"பகல்ல படுக்கையறைச் சூட்டை அணைச்சு வெக்கணும்னு திட்டத்துல எழுதியிருக்கு. மூணு மணிக்கு இந்த ஊர்ல யாரு முழிச்சிருக்கா?"

"தெரு நாய்கூட இல்ல," என்றேன்.

"எழுதின ஆளு மத்தியானம் தூங்காத ஊர்லேருந்து வந்திருப்பான், பாவம்," என்றார் தோன்யா தெல்மா.

"சரி. ராத்திரி பத்து."

தோன் எவாரிஸ்தோ தன் அறையிலேயே இருந்தார். தோன்யா தெல்மா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் அறையில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

"அங்கயா?" என்றாள் நசரேனா.

"இவருக்குச் சின்ன எழுத்து தெரியாது. பேப்பர்ல மரண அறிவிப்பை நான்தான் படிச்சுக் காட்டணும். யாரு யாரு போய்ட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் இவருக்குத் தூக்கம் வரும்."

"நம்ம பேரு இல்லன்னு தெரிஞ்சா நிம்மதி," என்றார் அவர்.

"அப்புறம்?"

"அப்புறம் என் அறைக்கு ஓடிருவேன். இவர் அறை எங்க ரொட்டி அடுப்பு மாதிரி. அஞ்சு நிமிஷம் இருந்தா மேல் தோல் செவந்துரும்."

"இவ அறை கணவாய் மாதிரி," என்றார் அவர் விடாமல். "ஜன்னலைத் தொறந்து வெச்சுத் தூங்குறா. ஜூலையில! போர்வையில பனி விழாத குறை."

"காலை ஆறு மணி," என்றாள் நசரேனா.

தோன் எவாரிஸ்தோ கைத்தடியை ஊன்றி, மறுகையால் நாற்காலியை இழுத்துக்கொண்டு நடந்தார். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார். மனைவியின் அறைக்கு வந்தார். உள்ளே போகவில்லை. வாசல்படிக்கு இந்தப் பக்கம், நடைவழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தோன்யா தெல்மா உள்ளே, வாசலை ஒட்டித் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார்.

"மாத்தே போட்டு எடுத்துட்டு வருவேன்," என்றார் அவர். மாத்தே எங்கள் ஊர்த் தேநீர். ஒரே குடுக்கையில் எல்லாரும் மாற்றி மாற்றிக் குடிப்பது. "அவ உள்ள குடிப்பா. நான் இங்க குடிப்பேன். உள்ள போனா கால் விறைச்சுரும்."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு," என்றார் தோன்யா தெல்மா. குடுக்கையை வாங்குவது போலக் கையை வாசலுக்கு வெளியே நீட்டிக் காட்டினார். தோன் எவாரிஸ்தோ கொடுப்பது போலக் கையை நீட்டினார். விளையாட்டாகத்தான் செய்தார்கள், ஆனால் இரண்டு கைகளும் பார்க்காமலே ஒரே இடத்தில் சந்தித்தன.

நசரேனா குந்தி உட்கார்ந்து இரண்டு நாற்காலியையும் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டாள்.

"ரெண்டு அறை வேணும்னு யாரு சொன்னது?" என்று கேட்டாள்.

"வேற என்ன பண்றது? ஒரு சுவர்ல ஒரு குமிழ்தானே இருக்கு. அவர் ஏத்துவார், நான் இறக்குவேன். சண்டை போட்டுச் சண்டை போட்டு அலுத்துப்போச்சு."

நசரேனா எழுந்து பெரிய அறைக்குப் போனாள். நாலு மீட்டர் இருபதுக்கு நாலு மீட்டர் அறை. நடுவில் ஒரு கட்டிலைக் கோட்டால் வரைந்தாள். கட்டிலின் நடுவே இன்னொரு கோடு போட்டு அதை இரண்டு பக்கமும் சுவர்வரை நீட்டினாள்.

"இந்தப் பக்கம் சமையலறைச் சுவர். இது தோன் எவாரிஸ்தோவுக்கு. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குழாய், நெருக்கமா. அந்தப் பக்கம் ஜன்னல். அது உங்களுக்கு. முப்பது சென்டிமீட்டருக்கு ஒண்ணு, வளைஞ்சு வளைஞ்சு போய்த் திரும்புற தனிக் குழாய் வளையம், தனிக் குமிழ், வேணும்னா முழுசா மூடிக்கலாம். அறைக் காத்து ஒண்ணுதான், அதை நான் ரெண்டாக்க முடியாது. அதைப் பதினேழு டிகிரியில வெப்போம். ஆனா அவர் கால் வெக்கிற தரை இருபத்தெட்டு. கோடைக்குக் குளிர்காத்து மெஷின் ஜன்னல் சுவர்ல. காத்து உங்க பக்கமா நீளவாக்குல போகும், கட்டிலைத் தாண்டாது. கட்டிலுக்குக் கால் உயரமா இருக்கணும். அடியில பெட்டி கிட்டி தள்ளி வெக்கக் கூடாது."

தோன்யா தெல்மா கோட்டுக்குத் தன் பக்கத்தில் போய் நின்றார். விசிறியை மடக்கினார்.

"இவர் குறட்டைக்கு என்ன பண்ணுவ?"

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க," என்றாள் நசரேனா.

இப்படி வீடு நான்கு பகுதியானது: சமையலறை, கணவர் பாதி, மனைவி பாதி, நியூகேன் நகரத்தில் இருக்கும் மகள் வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் மட்டும் திறக்கும் சின்ன அறை. வரவேற்பறைக்குத் தனியாக ஒன்றும் தேவையில்லை. அங்கே ஒரு நாற்காலிகூடப் போகவில்லை. ஸ்தோக்கோ வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "கட்டிலுக்கு நடுவுல நாட்டு எல்லை போட்டிருக்கா" என்று சிரித்தார். வேலை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

ஜூலை கடைசியில் குழாய் விரித்தோம். கணவர் பக்கம் எண்பத்து நான்கு மீட்டர், மனைவி பக்கம் முப்பத்தொன்று. நடுவில் ஒட்டுப் போடாத ஒரே குழாய். தரைக்கடியில் ஒட்டு கூடாது என்பது நசரேனாவின் கட்டாயம். தண்ணீர் நிரப்பி, ஆறு கிலோ அழுத்தத்தில் நிறுத்திவிட்டு, ஆகஸ்ட் ஆறாம் தேதி மேலே ஐந்து சென்டிமீட்டர் காங்கிரீட் போட்டேன். மட்டம் பார்த்ததில் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

இனி எழுதுவது என் தவறு.

கூரைக் காங்கிரீட் போட்டு முடித்ததும் வீட்டுக்காரர் வேலையாட்களுக்கு இறைச்சி சுட்டு விருந்து வைப்பது எங்கள் வழக்கம். கூரை மே மாதமே முடிந்துவிட்டது. அப்போது தோன் எவாரிஸ்தோ நெஞ்சுச் சளியோடு மருத்துவமனையில் இருந்தார். "நான் வந்து உக்காராம எவனும் திங்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை என்று நாள் குறித்தோம். அன்றைக்கு என்று காலையிலிருந்தே மலையிலிருந்து சோண்டா வீசியது. சோண்டா சூடான வறண்ட காற்று. அது வீசும் நாளில் வெளியில் நெருப்பு மூட்டக் கூடாது என்பது சட்டம். ஒரு பொறி பறந்தால் பாப்ளர் மர வரிசையே பற்றிக்கொள்ளும். நசரேனா ஹெனரல் அல்வேயார் ஊரில் வேறு வேலைக்குப் போயிருந்தாள்.

ஒன்பது பேர், ஒரு வெள்ளாட்டுக் குட்டி, இரண்டு பெரிய விலா இறைச்சி, காத்திருக்கும் தோன் எவாரிஸ்தோ. காற்று படாத இடம் அந்தப் பெரிய அறைதான். கண்ணாடி போடாத ஜன்னல் வழியாகப் புகை போய்விடும்.

"அடியில குழாய் இருக்கே, மாஸ்டர்," என்றான் எங்கள் ஆள் ஒருவன்.

"தண்ணி நெறஞ்ச குழாய்," என்றேன். "தண்ணி இருந்தா கெண்டி எரியுமா? செங்கல் ஒரு வரி பரப்பு. நாலு விரல் மணல் போடு."

பதினொன்றுக்கு மூட்டிய நெருப்பு நாலரைக்கு அணைந்தது. தோன் எவாரிஸ்தோ தணலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார். "இந்த அறை இப்பவே சுகமா இருக்கு" என்றார். எல்லாரும் கைதட்டினோம்.

திங்கட்கிழமை நசரேனா வந்தாள். அழுத்தமானி பூஜ்யத்தில் இருந்தது. ஒவ்வொரு வளையமாக மூடிப் பார்த்தாள். மற்றதிலெல்லாம் அழுத்தம் நின்றது. தோன் எவாரிஸ்தோ பக்கத்தில் நிற்கவில்லை. அறைக்குப் போய்க் கருகிய சதுரத்தைப் பார்த்தாள்.

"யாரு?"

"நான்."

"வெளிய மூட்டியிருக்கலாமே."

"சோண்டா வீசுச்சு. சட்டம் இருக்கு."

"சட்டத்தை மதிச்ச. நல்லது." கருகிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "தண்ணி இருந்தா எரியாதுன்னு நெனச்ச."

"கெண்டி எரியறதில்லையே, ஒல்லி," என்றேன். நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"கெண்டி தகரம், செல்மோ. இது பிளாஸ்டிக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் ஸ்தோக்கோ வந்தார். அறையைச் சுற்றி நடந்தார். கெட்டவர் இல்லை. வேலை ஓட வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்கு.

"கருகின துண்டை வெட்டி எறி. நல்லா இருக்குற மிச்சத்தை அந்தம்மா வளையத்தோட சேத்து ஒட்டு. ஒரு வளையம், ஒரு தெர்மோஸ்டாட். அரை நாள் வேலை."

"தரைக்கடியில ஒட்டா?"

"பத்து வருஷம் தாங்கும்."

"சூடு ஒண்ணாயிடுமே. பழையபடி ஒரு குமிழு."

"எல்லா வீட்லயும் புருஷன் பொண்டாட்டி ஒரு குமிழுக்குத்தான் சண்டை போடுறாங்க. இவங்களும் போடட்டும்."

"போட்டு முடிச்சிட்டாங்க, தோன் ஸ்தோக்கோ. அதனாலதான் பதினொரு வருஷமா தனித்தனியா படுக்குறாங்க." அவள் குரல் உயரவில்லை. "அவர் பாதியை முழுசா உடைக்கணும். எண்பத்து நாலு மீட்டர் புதுக் குழாய் போடணும். ஞாயித்துக்கிழமைல செய்றேன். உங்க வேலை நேரத்தைத் தொட மாட்டேன்."

"உடைக்கும்போது பக்கத்து வளையம் அடிபட்டா? நான் போடப்போற கையெழுத்து என்ன ஆகுறது? நான் சொன்னபடி பண்ணு, போடுறேன். உன் இஷ்டப்படி பண்றதுன்னா நீயே போட்டுக்க."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளே பார்த்தார். அவளிடம் உரிமம் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்து இல்லையென்றால் எரிவாயு வராது. எரிவாயு வராவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்கு அந்தக் கிழவர் அந்த வீட்டில் இருக்க முடியாது. வேறு கடையிலிருந்து ஆள் வந்து, அரை நாளில் ஒட்டுப் போட்டு, ஒரு குமிழ் வைத்து, தன் பெயரை எழுதிவிட்டுப் போவார்.

"சரி," என்றாள் நசரேனா. "நானே போட்டுக்குறேன்."

அன்று மாலையே தோன்யா தெல்மாவிடம் போய்ச் சொன்னோம். நெருப்பு மூட்டச் சொன்னது நான் என்று நான்தான் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆட்டுக்குட்டி நல்லா வெந்திருந்துச்சு," என்றார். பிறகு நசரேனாவிடம் திரும்பினார். "தேர்வு எப்ப?"

"மார்ச்சுல. எனக்கு வாய் வராது, தோன்யா தெல்மா. போன தடவை மரக்கட்டை மாதிரி உக்காந்துட்டு வந்தேன்."

"வாய் வர வெக்கிறேன். புத்தகத்தை எடுத்துட்டு வா."

தரையை ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் உடைத்தேன். அதிரும் இயந்திரம் வைக்கக் கூடாது. எட்டு சென்டிமீட்டர் தள்ளி தோன்யா தெல்மாவின் வளையம் ஓடியது. சுத்தியும் உளியும்தான். ஒரு நாளைக்கு ஒன்றரைச் சதுர மீட்டருக்கு மேல் போக முடியவில்லை. ஒவ்வொரு முறை உளி வைக்கும்போதும் நசரேனா மண்டியிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்து, சென்டிமீட்டர் சொல்வாள். நான் அடிப்பேன். நவம்பரில் புதுக் குழாய் விரித்து, மறுபடி காங்கிரீட் போட்டேன். அடிபட்ட வளையம் ஒன்றுகூட இல்லை.

தேர்வுக்குத் தோன்யா தெல்மா தயார் செய்த விதத்தை எழுதாமல் விடக் கூடாது. செவ்வாய், வியாழன் மாலைகளில் வாடகை வீட்டில் கணவரின் அறைக்கு நசரேனாவையும் கூட்டிப் போய் உட்கார வைப்பார். மரண அறிவிப்பு படிக்கும் அதே குரலில் கேள்வியைப் படிப்பார்.

"கொதிகலனின் புகைபோக்கி ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும். சொல்லு."

நசரேனா யோசிப்பாள்.

"யோசிக்காத. செத்தவங்கதான் பேச மாட்டாங்க. சொல்லு!"

அவள் சொல்வாள். தோன் எவாரிஸ்தோ கட்டிலில் படுத்தபடி விரலை உயர்த்தி, "சரி" என்பார்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்பார் மனைவி.

"சொன்ன குரல் சரியா இருந்துச்சு."

அந்த அறை அவ்வளவு சூடு. தோன்யா தெல்மா வியர்த்து ஒழுக, ஒரு கையில் விசிறியும் ஒரு கையில் புத்தகமுமாக ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே தாங்காது என்று சொன்னவர்.

2016 மார்ச் பதினைந்தாம் தேதி மெந்தோசா நகரத்தில் தேர்வு. பேருந்தில் மூன்றரை மணி நேரம். நானும் போனேன், வாசலில் இருந்தேன். உள்ளே நடந்ததைத் திரும்பும் வழியில் அவள் சொன்னாள். கொண்டுபோன வரைபடத்தைத் தேர்வாளர் விரித்துப் பார்த்தாராம்.

"ஒரே படுக்கையறையில ரெண்டு வளையம், ரெண்டு தெர்மோஸ்டாட். இது எதுக்கு வீணா?"

அவளுக்கு வாய் அடைத்தது. மேசையைப் பார்த்தாள். போன முறையும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று நினைத்தாளாம்.

"அதுல படுக்கப் போறவங்க ரெண்டு பேர், சார்," என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் அவள் நிறுத்தவில்லை. கணவாய், இழந்த விரல், ரொட்டி அடுப்பு, நடைவழியில் நாற்காலி, ஒட்டில்லாத குழாய், காற்று போகும் திசை, கட்டில் காலின் உயரம் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் நெருப்பு மூட்டியதையும் சொன்னாளாம்.

"அதை எதுக்குச் சொன்ன?" என்றேன்.

"கேட்டாரு. ஏன் ரெண்டு தடவை காங்கிரீட் போட்டீங்கன்னு. பொய் சொல்லச் சொல்றியா?"

ஏப்ரல் எட்டாம் தேதி உரிமம் வந்தது.

அடுத்த வியாழக்கிழமை ஸ்தோக்கோ யாரிடமும் சொல்லாமல் அந்த வீட்டுக்கு வந்தார். நான் பின்பக்கம் பூச்சு வேலையில் இருந்தேன். நேராகக் குழாய்ப் பெட்டிக்குப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அழுத்தமானியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். முள் ஆறில் இருந்தது. நவம்பரிலிருந்து அங்கேயே இருந்தது.

"நிக்குது," என்றார் என்னிடம்.

"நிக்குது," என்றேன்.

"அவகிட்ட சொல்லு," என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் புது வீட்டுச் சமையலறையில் வரைபடத்தை மேசையில் விரித்தோம். அடுத்த வாரம் எரிவாயு இணைப்புக்குக் கொடுக்க மூன்று பிரதிகள். தோன்யா தெல்மா மேசையை இரண்டு முறை துடைத்தார். தோன் எவாரிஸ்தோ இதற்காக ஷூ போட்டு வந்திருந்தார். நசரேனா மூன்று காகிதங்களையும் விளிம்பு சேர அடுக்கி, முதலாவதை எடுத்து, உரிம எண்ணை ஒவ்வொரு இலக்கமாக எழுதினாள். பேனா அதற்கு அடுத்த கோட்டுக்கு வந்து நின்றது.

"முழுப் பேரையும் எழுது," என்றார் தோன்யா தெல்மா. "கிறுக்காத. படிக்க முடியணும்."

அவள் முழுப் பெயரையும் எழுதினாள், பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாக. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓர் எழுத்தும் கோணவில்லை. தோன் எவாரிஸ்தோ எட்டிப் பார்த்து, மங்கலாகத் தெரிகிறது, யாராவது படியுங்கள் என்றார். அவர் மனைவி படித்தார்: நசரேனா ஈசபெல் லூசெரோ. பிறகு கீழே இருந்த தேதியையும் படித்தார்: 2016 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை.